பிள்ளையின் தலையும் பெரியவர்களின் ஆசையும்

(நகர நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல்: பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம், அழட்டும். இன்றைய பேச்சே கைக்குழந்தைகளைப் பற்றியதுதான்.

"கைக்குழந்தைக்கு ஹேர்பேண்டு, கிளிப், பூ எல்லாம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டார்களாம். வேண்டும் என்றே நினைக்கிறேன். சொத்து, படிப்பு, கல்யாணம் பற்றியெல்லாம் ஒரு குடும்பம் எப்போதாவதுதான் உட்கார்ந்து பேசுகிறது. வீட்டில் பிறந்த குழந்தையின் தலையைப் பற்றித் தினமும் பேசுகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே யார் சொல் செல்லும் என்பது அந்தப் பேச்சில் இருக்கிறது. கண்ணேறு பற்றிய அச்சம் இருக்கிறது. ஆண் என்றால் என்ன, பெண் என்றால் என்ன என்று நாம் மனதில் வைத்திருப்பதும் அதில்தான் வெளியே வருகிறது.

மூன்று மாதப் பெண் குழந்தை இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கூடியிருக்கிறார்கள். "பொட்டப்புள்ள தலை இப்படி வெறிச்சுனா இருக்கும்? ரெண்டு கண்ணி பூவாவது வைம்மா" என்கிறார் அப்பாயி. "பூவுல எறும்பு இருக்கும் அத்தை, பேண்டு வாங்கி வச்சிருக்கேன்" என்கிறாள் மருமகள். "புள்ளைய காத்தாட விடுங்கம்மா, வேர்க்குது பாரு" என்பது தாத்தாவின் கட்சி. "ஒரு போட்டோ எடுத்துக்கறேன், அப்புறம் கழட்டிடலாம்" என்கிறான் குழந்தையின் அப்பா. ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தி கேட்கிறாள்: "பொண்ணுன்னா மட்டும் பேண்டு மாட்டணுமா? பையனா இருந்தா போட்டிருப்பீங்களா?"

இந்த ஐந்து பேரில் யாரையும் தள்ளிவிட முடியாது. ஒவ்வொருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சித்தி கேட்டாளே ஒரு கேள்வி, அதில்தான் நான் நிற்கப்போகிறேன். அவள் கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை உண்டு. பையனுக்கும் போட்டிருக்கிறோம். ஆசை ஆசையாகப் போட்டிருக்கிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்டூடியோ படம் இருக்கலாம். ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை. பட்டுப்பாவாடை, கண்ணில் மை, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு, நெற்றிச்சுட்டி. சவுரி வைத்துப் பின்னிய ஜடை, அதன் நுனியில் குஞ்சலம். ஜடை முழுக்கப் பூ தைத்திருப்பார்கள். அந்த ஜடை படத்தில் விழ வேண்டும் என்பதற்காகவே பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, முன்னால் முகமும் கண்ணாடியில் ஜடையுமாக ஒரே படத்தில் எடுத்துத் தருவார் போட்டோக்காரர். உங்கள் அக்கா என்று நினைத்திருப்பீர்கள். படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று அம்மா சொன்னால்தான் தெரியும். மொட்டை போடுவதற்கு முன்னால், "முடி இவ்வளவு வளர்ந்திருக்கே, ஒரு தடவை பின்னிப் பார்த்துடுவோம்" என்று எடுத்த படம் அது. பெண் பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஏக்கத்துக்காகவும் செய்தார்கள், கண் படக்கூடாது என்றும் செய்தார்கள். காரணம் எதுவானாலும், ஆண் பிள்ளையின் தலையில் பூ ஏறினால் அவன் ஆண்மைக்குப் பங்கம் வரும் என்று எந்தப் பாட்டியும் பயந்ததில்லை.

இந்த மனம் நேற்று வந்ததா? பெரியாழ்வாரைத் திறந்து பாருங்கள். கண்ணனைக் குழந்தையாக்கி, தன்னை யசோதையாக்கிக்கொண்டு அவர் பாடிய பதிகங்களில் குழந்தை வளர்ப்பின் ஒவ்வொரு வேலையும் வரிசையாக வருகிறது. காது குத்த ஒரு பதிகம். எண்ணெய் தேய்த்து நீராட்ட ஒரு பதிகம். குழல் வார ஒரு பதிகம், அதில் தலைவாரும்போது பிள்ளை ஓடாமல் இருக்கக் காக்கையைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள் தாய். பிறகு, பூச்சூட்ட வா என்று அழைப்பதற்கே முழுதாக ஒரு பதிகம். செண்பகம், பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி என்று பாட்டுக்கொரு பூ. இத்தனை பூவும் யாருக்கு? கன்று மேய்க்கப் போகும் ஆண் பிள்ளைக்கு. தலையில் பூ வைப்பதைத் தாயின் அன்புத் தொழிலாகப் பார்த்த மரபு அது. பிள்ளை எந்தப் பால் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

இன்னும் முன்னால் போகலாம். புறநானூற்றின் 77-ஆம் பாட்டு தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பற்றியது, இடைக்குன்றூர் கிழார் பாடியது. போர்க்களத்தில் நிற்கும் அரசன் எவ்வளவு இளையவன் என்று காட்ட அவர் எதைச் சொல்கிறார்? காலில் கிடந்த கிண்கிணியை இப்போதுதான் கழற்றியிருக்கிறான், தலையில் இருந்த பிள்ளைக் குடுமியை இப்போதுதான் களைந்திருக்கிறான், கழுத்துத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்கிறார். அந்தத் தாலி குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலி. பாண்டிய நாட்டின் பெருவீரனும் தலையலங்காரத்தோடும் காலில் சலங்கையோடும் வளர்ந்த பிள்ளைதான்.

பிள்ளைத்தமிழ் இலக்கணத்தில் ஒரு செய்தி இருக்கிறது. நான் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த காலத்தில் தேர்வுக்குரிய பட்டியலாகவே மாணவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அது எவ்வளவு பெரிய செய்தி என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம், பெண்பால் பிள்ளைத்தமிழுக்கும் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய முதல் ஏழும் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிவு வருகிறது: ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் போன்றவை. பருவங்களுக்கு மாதம் சொல்லும் ஒரு கணக்கில் 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்கள் வருகின்றன. அந்தக் கணக்குப்படி அம்புலிக்கு 15-ஆம் மாதம். அதாவது தவழ்ந்து, கைகொட்டி, முத்தம் தந்து, தளர்நடை நடந்து, நிலவைக் கூப்பிடும் வயது வரை குழந்தை குழந்தைதான். அதற்குப் பிறகே விளையாட்டால் ஆண், பெண் என்று பிரிகிறது. நம் புலவர்கள் ஒன்றேகால் வருஷம் பொறுத்திருந்தார்கள். நமக்குத் தொட்டிலிடும் நாள்வரைகூடப் பொறுமை இல்லை.

மொட்டையையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். குலதெய்வக் கோயிலிலோ பழனியிலோ சமயபுரத்திலோ தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்கிச் சந்தனம் பூசியதும் ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் ஒன்றுபோல ஆகிவிடுகிறார்கள். வேளாங்கண்ணியில் கிறித்தவக் குடும்பங்களும் முடி கொடுக்கின்றன. இஸ்லாமியர் வீடுகளில் பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்யும் வழக்கம் உண்டு. பிள்ளையின் முடியைக் கொடுத்துவிடத் தயங்காத சமூகம் நாம். முடி இல்லாத பெண் குழந்தையைப் பார்த்துக் கூச்சப்பட இப்போது எங்கிருந்து கற்றுக்கொண்டோம்?

என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் தலையை அலங்கரிப்பது குற்றமில்லை. அது பழைய ஆசை, நல்ல ஆசை. ஆனால் அன்றைய அலங்காரம் ஒரு பொழுதுக்கானது. பின்னினார்கள், பார்த்து மகிழ்ந்தார்கள், படம் எடுத்தார்கள், மாலையில் அவிழ்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தூங்க வைத்தார்கள். இன்றைய ஹேர்பேண்டு பல வீடுகளில் அடையாள அட்டை ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் 'பையனா' என்று கேட்டுவிடக் கூடாதே என்பதற்காகக் காலையில் மாட்டினால் இரவுவரை குழந்தையின் தலையில் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லாதது அதுதான்.

இளம் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "என்னடா ராஜா" என்கிறார். "பொண்ணுங்க" என்கிறாள் தாய். "அப்படியா, காதுல கம்மல் இல்ல, பொட்டு இல்ல, அதான்..." என்று இழுக்கிறார் அவர். ஆயிரம் பேர் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். பிரசவம் முடிந்து தூக்கமில்லாமல் கிடக்கும் பெண்ணுக்கு அந்த இழுவை தைக்கிறது. 'நான் பிள்ளையைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்கிறார்களே' என்று தோன்றுகிறது. மறுநாளே ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய் அட்டையில் வரிசையாக மாட்டியிருக்கும் பேண்டுகளில் ஆறு நிறம் வாங்கி வருகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அடையாளம் தெரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? இதை அமெரிக்காவில் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1976-இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்தார்கள். மூடியைத் திறந்ததும் பொம்மை துள்ளி எழும் பெட்டி ஒன்றை அதன் முன்னால் வைத்தபோது குழந்தை அதிர்ந்து அழுகிறது. அந்தப் படத்தைப் பெரியவர்களுக்குக் காட்டி, சிலரிடம் ஆண் குழந்தை என்றும் சிலரிடம் பெண் குழந்தை என்றும் சொன்னார்கள். ஆண் என்று கேள்விப்பட்டவர்கள் குழந்தைக்குக் கோபம் வந்திருக்கிறது என்றார்கள். பெண் என்று கேள்விப்பட்டவர்கள் குழந்தை பயந்துவிட்டது என்றார்கள். ஒரே படம், ஒரே அழுகை. ஒரு சொல் மாறியதும் அழுகையின் பொருள் மாறிவிட்டது. கோபப்படும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பதில் வேறு, பயந்த பிள்ளைக்குக் கொடுக்கும் பதில் வேறு. அந்தப் பதில்களைச் சாப்பிட்டுத்தான் குழந்தை வளர்கிறது. தலையில் கட்டிய நாடா அந்த ஒரு சொல்லை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பதைத் தாய்மார்கள் யோசிக்க வேண்டும்.

நாடா, நிறம் இதெல்லாம் இயற்கை தந்த பிரிவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குழந்தைப் படம் ஒன்று இருக்கிறது. 1884-இல் எடுத்தது, அப்போது அவருக்கு இரண்டரை வயது. வெள்ளைக் கவுன் போட்டு, தோளில் விழும் முடியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்நாளில் அங்கே சின்னப் பையன்களுக்கு அதுதான் வழக்கம். இளஞ்சிவப்பு பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்ற பாகுபாடு அங்கேயே 20-ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. அங்கிருந்து துணியோடும் பொம்மையோடும் அது நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நான் நேர்மையாகப் பேசினவள் ஆகமாட்டேன். "பெண் பிறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர் இது. என் மகளுக்கு நான் பூவும் பேண்டும் போட்டு, எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள், கொண்டாடுகிறேன் என்று ஊருக்குச் சொல்கிறேன். அதை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று ஒரு தாய் கேட்கலாம். கேட்கும் உரிமை அவளுக்கு முழுதாக உண்டு. பெண் சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. 1994-இல் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேர்தான். பிள்ளைத்தமிழ் பாடிய அதே மண்ணில்தான் கள்ளிப்பாலும் இருந்தது. ஆகவே பழமை முழுவதும் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பின்னணியில் மகளின் தலையில் ஒரு தாய் பெருமையோடு வைக்கும் பூவை நான் மதிக்கிறேன். அவளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தப் பெருமை மகளைப் பள்ளிக்கு அனுப்புவதிலும், தம்பிக்குக் கொடுக்கும் அதே முட்டையை அவளுக்குக் கொடுப்பதிலும், அவள் பேருக்குச் சொத்து எழுதுவதிலும் தொடரட்டும். தலையில் வைத்த பூவோடு நின்றுவிட வேண்டாம்.

இனி உடம்புக்கு வருவோம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதைத்தான் சொல்லப்போகிறேன். இதில் ஆசைக்கும் கொள்கைக்கும் இடமில்லை.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். முதல் பிறந்தநாளுக்குள் அது 45-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்த வருஷத்திலும் தலை இந்த வேகத்தில் வளராது. அந்த வளர்ச்சியிலும் ஏறக்குறைய பாதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடும். தொட்டில் போட்ட அன்று அளவாக இருந்த எலாஸ்டிக் பேண்டு மூன்றாம் மாதத்தில் இறுக்கும். கழற்றிய பிறகு நெற்றியில் சிவந்த கோடு தெரிந்தால் அது சிறியதாகிவிட்டது என்று பொருள். பெரியவர்கள் தலை வலித்தால் கழற்றி எறிவார்கள், குழந்தை அழும். நாம் பசி என்று நினைத்துப் பால் கொடுப்போம்.

உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். மண்டையோட்டு எலும்புகள் கூடாத அந்த மெத்தென்ற இடம் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதன்மேல் கனமான உலோகப் பூவோ கல் பதித்த கிரீடமோ அழுந்தும்படி வைப்பது சரியில்லை. மெல்லிய துணிநாடா ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேண்டு போட்டால் மூளை வளராது என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது வீண் பயம்.

உண்மையான ஆபத்து தூக்கத்தில் இருக்கிறது. தளர்வாக இருந்தால் பரவாயில்லை என்று பெரிய பேண்டாக மாட்டுகிறோம். குழந்தை தலையைப் புரட்டும்போது அது நழுவி மூக்குக்கு வரும், வாய்க்கு வரும், கழுத்துக்கும் வரும். முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் சுவாசிக்கிறது. மூடியதைத் தள்ளிவிட அதன் கைக்குத் தெரியாது. இறுக்கினால் தலை நோகும், தளர்த்தினால் கழுத்துக்கு வரும் என்றால், தூங்கும் குழந்தைக்குப் பேண்டே கூடாது என்பதுதான் விடை. தூளியில் போட்டாலும் சரி, பாயில் போட்டாலும் சரி, காரில் தூங்கிப்போனாலும் சரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் தந்த அறிவுரையில், பிறந்த முதல் சில மணி நேரம், குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை தவிர, வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பிகூட வேண்டாம் என்கிறது. குழந்தையின் உடல் வெப்பம் தலைவழியாகத்தான் வெகுவாக வெளியேறுகிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்கே அந்த அறிவுரை என்றால், சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுபோன வீட்டில் வெல்வெட் பேண்டு போட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள். காத்தாட விடுங்கள் என்று சொன்ன தாத்தா தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

கிளிப்புகள் அடுத்த கவலை. குழந்தை ஆறேழு மாதத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் போடும். கிளிப்பில் ஒட்டியிருக்கும் கல்லும் முத்தும் பசையில் நிற்பவை. எச்சில் பட்டால் பெயர்ந்து வரும். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக விழும் எந்தத் துண்டும் அந்த வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. குழந்தைக் கிளிப்புகள் பலவும் அதில் விழுந்துவிடும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கடைத்தெருவில் அட்டையில் குத்தி விற்கும் கிளிப்பில் அந்த முத்திரையை நான் பார்த்ததில்லை. பல் முளைக்காத பிள்ளைக்குக் கிளிப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெளிச்சம் மினுக்கும் கிளிப்பில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கிறதே, அதை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திற்குள் அரித்துவிடக்கூடும். அதைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

உச்சியில் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தும் தென்னமரக் குடுமி எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி வேரோடு வரும். தினமும் அப்படியே கட்டினால் அந்த இடத்தில் முடி குறையும். துணி சுற்றிய பேண்டால் தளரக் கட்டி, ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

முடி இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: பிறந்த முடி முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது இயல்பு. படுத்தே கிடப்பதால் பின்மண்டையில் வழுக்கை விழுவதும் இயல்பு. உட்காரத் தொடங்கினால் வளர்ந்துவிடும். முடியின் வேர்க்கால்கள் எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. மொட்டை போட்டால் அவற்றின் எண்ணிக்கை கூடிவிடாது, ஆகவே அடர்த்தியாக வளரும் என்று நம்பி நாலு மொட்டை போட வேண்டியதில்லை. வேண்டுதலுக்காகப் போடுங்கள், அது வேறு.

முடியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பிரசவமான மூன்று நான்கு மாதத்தில் தாய்க்குத் தலைமுடி கொட்டும். உதிர்ந்த ஓர் இழை குழந்தையின் காலுறைக்குள் புகுந்து விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் கால்விரல், கைவிரல்களைப் பிரித்துப் பாருங்கள். அலங்காரத்துக்கு அளக்கும் கண் இதற்கும் வேண்டும்.

கைபேசிப் படங்களுக்கு வருகிறேன். பிறந்த இரண்டு வாரத்துக்குள் குழந்தையைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, தலையில் பூநாடா கட்டி எடுக்கும் படங்கள் இப்போது சென்னை, கோவை தாண்டிச் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டன. அதில் ஒரு தோற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தை முழங்கையை ஊன்றி, உள்ளங்கைகளில் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு தூங்குவது போல இருக்கும். பிறந்த குழந்தையின் கழுத்து அப்படி நிற்காது. பொறுப்பான படக்காரர்கள் ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படம், கையைப் பிடித்திருக்க ஒரு படம் எடுத்துக் கணினியில் ஒட்டி, பிடித்த கைகளை அழித்துவிடுகிறார்கள். இது தெரியாமல் வீட்டில் முயன்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய ஸ்டூடியோக்காரர் கண்ணாடி வைத்தார், பிள்ளையை வளைக்கவில்லை.

படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து பார்க்க வேண்டாமா? பட்டுப்பாவாடை கட்டுங்கள், மல்லிகையோ கனகாம்பரமோ எறும்பு போக உதறி, தொடுத்த நூலின் நுனி தொங்காமல் நறுக்கி, ஒரு விரல் அகலத்துக்கு வையுங்கள். தம்பிக்கும் வையுங்கள், சிரிக்கிறவர்களிடம் பெரியாழ்வாரைச் சொல்லுங்கள். படம் எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். குழந்தை தானே கையால் இழுத்துக் கழற்றினால் அதோடு விட்டுவிடுங்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கு, வேண்டாம் என்று சொல்ல வேறு வழி இல்லை.

அப்பாயிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். பேத்தியின் தலை வெறிச்சென்று இருப்பதாக மருமகளிடம் சொல்லாதீர்கள். அவள் அதைக் குழந்தையைப் பற்றிய பேச்சாகக் கேட்பதில்லை, தன்னைப் பற்றிய தீர்ப்பாகக் கேட்கிறாள். அப்பாமார்களுக்கும் ஒன்று: படம் எடுக்கிறவர் நீங்கள், ஆகவே கழற்றும் பொறுப்பும் உங்களுடையது.

கடைசி வேண்டுகோள் பிள்ளை பெற்றவர்களுக்கு இல்லை, பார்க்கிற நம் எல்லாருக்கும். பேருந்திலோ திருமண வீட்டிலோ ஒரு கைக்குழந்தையைப் பார்த்தால், ஆணா பெண்ணா என்ற கேள்வியை முதலில் கேட்காதீர்கள். பிள்ளைக்கு என்ன பேர் என்று கேளுங்கள், எத்தனை மாதம் என்று கேளுங்கள், தாய் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். நாம் கேட்பதை மாற்றிக்கொண்டால், பிள்ளையின் தலையில் அடையாளம் கட்டி அனுப்ப வேண்டிய தேவை அந்தத் தாய்க்கு இருக்காது.